பாம் ஷெல்டரில் கிடக்கும் இயந்திரத்தை வெளியே எடுங்கள்

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. துவாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீசியன். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு. குறட்டை கல்யாணமான நாளிலிருந்தே உண்டு. மூன்று வருடத்துக்கு முன்பு மருத்துவமனையில் ஓர் இரவு படுக்கவைத்துச் சோதித்தார்கள். மணிக்கு 38 முறை மூச்சு தடைபடுகிறது, கடுமையான ஸ்லீப் ஆப்னியா என்றார்கள். தூங்கும்போது மூக்கில் காற்றை அழுத்தி அனுப்பும், மாஸ்க் வைத்த சீபேப் இயந்திரம் வாங்கினோம். ஒரு வாரம் போட்டார். மூச்சு முட்டுகிறது என்று கழற்றிவிட்டார். அது இப்போது பாம் ஷெல்டரில், வீட்டிலுள்ள அந்தப் பாதுகாப்பு அறையில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

ஒரு வருடமாக ஆளே மாறிவிட்டார். பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறார். முன்பு லீவு நாளென்றால் தூண்டிலை எடுத்துக்கொண்டு பிடோக் ஜெட்டிக்குக் கிளம்பிவிடுவார். இப்போது சோபாவை விட்டு எழுவதில்லை. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார்கள். நான்கு மாதமாகச் சாப்பிடுகிறார். கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் முழுதாகக் குணமாகவில்லை. மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர், சிக்னலில் கண் சொக்குகிறது என்று அவரே சொன்னார். மாமியார் கண்ணேறு என்கிறார். தெரிந்தவர் ஒருவர் தூக்க மாத்திரை கொடுத்திருக்கிறார். போன வாரம் என் கணவர், "நான் இல்லைன்னா இன்ஷூரன்ஸ் பணமாவது உங்களுக்கு வரும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இது மனநோயா, தூக்க நோயா? மன மாத்திரையை நிறுத்திவிட்டுத் தூக்க மாத்திரை கொடுக்கலாமா? அவர் மூச்சு நின்றதும் நான் இருட்டில் எண்ணிக்கொண்டு படுத்திருப்பேன். பதினைந்து, இருபது வரை போகும். தோளைத் தட்டினால் திரும்பும். எனக்கும் தூக்கம் போய்விட்டது. கம்பெனிக்குத் தெரிந்தால் வேலைக்கு ஆபத்து வருமோ என்றும் பயம்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு வருகிறேன். அதற்கு முன்னால், போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த இன்ஷூரன்ஸ் வாக்கியத்தைப் பற்றிப் பேச வேண்டும். அதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார் என்பதால் விட்டுவிடாதீர்கள். தன்னால் குடும்பத்துக்குப் பாரம், தான் போனால் அவர்களுக்கு நல்லது என்ற நினைப்பு மனச்சோர்வின் மிக ஆபத்தான குரல். நம் வீட்டு ஆண்கள் அதை நேரடியாகச் சொல்வது அரிது. விளையாட்டுப் பேச்சாகச் சொல்லிப் பார்ப்பார்கள், யாராவது பிடித்துக் கேட்கிறார்களா என்று.

ஆகவே இன்றைக்கே கேளுங்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு, டிவியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னைக்கு இன்ஷூரன்ஸ் பத்திச் சொன்னீங்களே, எனக்கு மனசு கேக்கல. உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாக ஆகிவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. இத்தனை நாள் தனியாகச் சுமந்ததை இறக்கிவைக்க ஓர் ஆள் கிடைத்தது என்றுதான் பெரும்பாலானவர்களுக்குத் தோன்றும். அவர் ஆமாம் என்றால் பதறவும் வேண்டாம், "பிள்ளைகளை நினைச்சுப் பாத்தீங்களா" என்று குற்றம் சாட்டவும் வேண்டாம். எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாரா என்று அடுத்துக் கேளுங்கள். யோசித்திருந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். புவாங்கோக்கில் உள்ள மனநலக் கழகத்தின் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் இயங்குகிறது. தொலைபேசி எண் 6389 2222. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் ஆம்புலன்ஸுக்கு 995. அந்த அளவுக்கு இல்லை, ஆனால் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767, தேசிய மனநல உதவி எண் 1771 இரண்டுமே எந்நேரமும் கிடைக்கும். நீங்களும் கூப்பிடலாம், அவர்தான் கூப்பிட வேண்டும் என்பதில்லை.

போலீஸ், கேஸ் என்று ஆகிவிடுமோ என்று சில குடும்பங்கள் இன்னும் வாயைத் திறப்பதில்லை. தற்கொலைக்கு முயல்வது 2020 ஜனவரி முதல் இங்கே குற்றமல்ல. அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். அப்புறம், வீட்டில் இருக்கும் மாத்திரைகளை எல்லாம், அந்தத் தூக்க மாத்திரை உட்பட, உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மோட்டார் சைக்கிள். சிக்னலில் கண் சொக்குகிறவருக்கு விரைவுச்சாலையிலும் சொக்கும், அங்கே எழுப்ப யாரும் இருக்க மாட்டார்கள். சிகிச்சை பிடிபட்டு, பகல் தூக்கம் விட்டது என்று மருத்துவர் சொல்லும்வரை அவர் வண்டியைத் தொடக் கூடாது. கம்பெனி பஸ் இருந்தால் அது, இல்லாவிட்டால் எம்ஆர்டி ரயில். பன்னிரண்டு மணி நேர இரவு ஷிஃப்ட் முடித்துக் காலையில் வண்டியில் திரும்புவது மிகவும் மோசமான நேரம். இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சரி, இப்போது உங்கள் கேள்வி. மனநோயா, தூக்க நோயா?

மருந்தகத்தில் அவரிடம் ஒரு தாளைக் கொடுத்துக் கேள்விகள் கேட்டிருப்பார்கள். கடந்த இரண்டு வாரத்தில் இவை உங்களை எவ்வளவு தொந்தரவு செய்தன என்று ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். உலகம் முழுக்கப் பயன்படும் நல்ல கருவி அது. ஆனால் அந்த ஒன்பதில் மூன்றாவது தூக்கம் பற்றியது. நான்காவது களைப்பு. ஏழாவது கவனம் நிற்காதது. மனதில் ஒரு துளி சோகம் இல்லாவிட்டாலும், கடுமையான ஆப்னியா உள்ள ஒருவர் இந்த மூன்றிலேயே 9 மதிப்பெண் வாங்கிவிடலாம். 10 என்பது மிதமான மனச்சோர்வின் தொடக்கம். எரிச்சல், ஞாபக மறதி, தாம்பத்தியத்தில் நாட்டமின்மை எல்லாமே இரண்டு நோய்க்கும் பொது. அதனால்தான் ஒன்றைப் பார்த்து இன்னொன்று என்று நினைப்பது இவ்வளவு சுலபமாக நடக்கிறது.

எது பொதுவல்ல என்றும் பார்க்க வேண்டும். தூக்கம் போதாத மனிதர் ஜெட்டிக்குப் போக ஆசைப்படுவார், உடம்பு ஒத்துழைக்காமல் சோபாவில் சரிவார். ஆசையே அற்றுப் போவது, தூண்டிலைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றாமல் இருப்பது வேறு. தன்னைப் பாரமாக நினைப்பதும் வேறு. அவை வெறும் தூக்கக் குறைவால் வருபவை அல்ல. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் கணவருக்கு இரண்டுமே இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். எது முதலில் வந்தது என்று தோண்டுவதால் பயனில்லை. இரண்டுக்கும் ஒரே சமயத்தில் வைத்தியம் பார்க்க வேண்டும். நான்கு மாதமாக ஒன்றுக்கு மட்டும்தான் பார்த்திருக்கிறீர்கள், மாத்திரை பாதி வழியில் நிற்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

ராத்திரியில் அவருக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இது புரியும். தூங்கும்போது நாக்கும் தொண்டைத் தசையும் தளர்ந்துபோகும். அவருக்கு அந்த வழி குறுகல். மெல்லிய ஸ்ட்ராவை வேகமாக உறிஞ்சினால் ஒட்டிக்கொள்ளுமே, அதுபோல மூச்சை இழுக்கும்போது தொண்டை ஒட்டிக்கொள்கிறது. நெஞ்சு ஏறி இறங்கும், காற்று போகாது. பத்து வினாடிக்கு மேல் நின்றாலே அதை ஒரு தடை என்று கணக்கிடுகிறோம். நீங்கள் இருபது வரை எண்ணியிருக்கிறீர்கள். ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்குகிறது, மூளை ஆபத்து என்று உணர்ந்து அவரை ஓரிரு வினாடி எழுப்புகிறது, ஒரு பெரிய குறட்டையோடு மூச்சு திரும்புகிறது. அவருக்கு எதுவும் நினைவிருக்காது. எட்டு மணி நேரம் தூங்கினேன் என்றுதான் சொல்வார். மணிக்கு 38 என்றால் ஒரு தூக்கத்துக்கு முந்நூறு தடவை அந்த அபாய மணி அடிக்கிறது. ஒவ்வொரு தடவையும் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறுகின்றன. மணிக்கு 30-ஐத் தாண்டினாலே கடுமையானது என்று வகைப்படுத்துகிறோம்.

மனதுக்கு இன்னொரு சேதம் உண்டு. கனவு காணும் தூக்கத்தில்தான் உடம்புத் தசைகள் மிக அதிகமாகத் தளர்கின்றன, ஆகவே பலருக்கு மூச்சுத்தடையும் அப்போதுதான் மோசமாகிறது. அன்றன்றைய உணர்ச்சிகளை மூளை அடுக்கி ஆற்றிக்கொள்வதில் அந்தக் கனவுத் தூக்கத்துக்குப் பங்கு உண்டு. அது துண்டுதுண்டாகக் கிழிந்தால், நேற்றைய கோபம் நேற்றையதாகவே இன்றைக்கும் உட்கார்ந்திருக்கும். பிள்ளைகளிடம் அவர் எரிந்து விழுவதை அவர் குணத்தோடு சேர்க்காதீர்கள்.

ஆப்னியாவைக் கவனித்தால் மனம் தேறுமா? 2015-இல் மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆப்னியா உள்ளவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தொடக்கத்தில் அந்த ஒன்பது கேள்விகளில் மதிப்பெண் 10 அல்லது அதற்கு மேல் இருந்தது. இரவுக்குச் சராசரி ஐந்து மணி நேரமாவது, மூன்று மாதம் தொடர்ந்து சீபேப் போட்ட 228 பேரில் அது நூற்றுக்கு நான்கு பேர் அளவுக்கு இறங்கியது. சாக வேண்டும், தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் முதலில் இருந்த 41 பேரில் ஒருவருக்கும் மூன்று மாதத்துக்குப் பிறகு அது தொடரவில்லை. இந்த எண்களை அப்படியே உங்கள் வீட்டுக்கு வாக்குறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க சிகிச்சை பெறாத குழு அதில் இல்லை. நான் மேலே சொன்ன தூக்கம், களைப்புக் கேள்விகளும் அந்த மதிப்பெண்ணில் கலந்திருக்கின்றன. ஆனாலும் சீபேப் மனச்சோர்வைக் குறைக்கிறது என்பதற்கு வேறு பெரிய ஆய்வுகளும் உண்டு, என்னிடம் வருகிறவர்களிடமும் அதைப் பார்க்கிறேன். முயன்று பார்க்காமல் விடுவதற்கு ஒரு நியாயமும் இல்லை.

மாத்திரையை நிறுத்தலாமா என்றால், கூடாது. மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம், தூக்கக் கெடுதி வரலாம், நோயும் திரும்பலாம். குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடர்வது வழக்கம். ஆனால் மருந்தக மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள்: "இவருக்குக் கடுமையான ஆப்னியா இருக்கிறது, மூன்று வருடமாகச் சிகிச்சை இல்லை." அவருக்கு இது தெரியுமா என்றே எனக்குச் சந்தேகம். தெரிந்தால் மருந்துத் தேர்வே மாறலாம். சில மாத்திரைகள் பசியைத் தூண்டி எடையை ஏற்றும், எடை ஏறினால் ஆப்னியா கூடும். சில, படுத்ததும் கால் குடைச்சலைக் கிளப்பிவிடும். அப்படி இருந்தால் அதையும் சொல்லி, ரத்தத்தில் இரும்புச்சத்து இருப்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தெரிந்தவர் கொடுத்த தூக்க மாத்திரையைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். பல தூக்க மாத்திரைகள் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும், மூச்சு நின்றால் எழுப்பிவிடும் மூளையின் விழிப்பையும் மழுங்கடிக்கும். மருந்துக்கடையில் வாங்கும் சளி மாத்திரையைத் தூக்கத்துக்காகப் போடுவதும் வேண்டாம். படுக்கும் முன் குடிக்கும் பீரும் அதே வேலையைத்தான் செய்கிறது. நன்றாகத் தூங்கினேன் என்று அவருக்குத் தோன்றும், அன்றைக்குத்தான் நீங்கள் இருபதைத் தாண்டி எண்ணுவீர்கள்.

இனி அந்த இயந்திரம்.

அது ஆக்ஸிஜன் கொடுக்கும் இயந்திரம் அல்ல. அறைக் காற்றை எடுத்து மெல்லிய அழுத்தத்தோடு மூக்கு வழியாக அனுப்பி, தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் விரித்துப் பிடிக்கிறது. 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் உருவாக்கிய முறை இது. எளிமையானது, பலன் உண்டு, ஆனால் பழகுவது கஷ்டம். மூச்சு முட்டுகிறது என்று உங்கள் கணவர் சொன்னது சாக்கு அல்ல, உண்மை. எதிரே காற்று தள்ளும்போது மூச்சை வெளியே விடுவது முதலில் திணறலாகத்தான் இருக்கும். ஒரு வாரத்தில் அவர் கைவிட்டதற்கு அவரைவிட, வாங்கிய பிறகு யாரும் பின்தொடர்ந்து உதவாததே பெரிய காரணம்.

வெளியே எடுத்து உடனே அவர் முகத்தில் மாட்டிவிடாதீர்கள். மூன்று வருடமாகக் கிடந்தது. மாஸ்க்கின் சிலிக்கோன் கெட்டிருக்கும், வடிகட்டி அழுக்காகியிருக்கும், குழாயில் பூஞ்சை இருக்கலாம். 2021-இல் ஒரு வகை இயந்திரங்களை, உள்ளே இருக்கும் சத்தத்தடுப்பு நுரை உதிர்வதால், உலகளவில் திரும்பப் பெற்றார்கள். வாங்கிய இடத்தில் மாடல் எண்ணைச் சொல்லி உங்களுடையது அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். மூன்று வருடத்தில் எடை கூடியிருந்தால் அன்றைக்கு வைத்த அழுத்தமும் இன்றைக்குப் போதாமல் போகலாம். அதனால் பலதுறை மருந்தகத்தில் உறக்கப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். அப்படிப் போனால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மானியக் கட்டணம். பழைய சோதனை அறிக்கை இருந்தால் எடுத்துப் போங்கள். உங்கள் கைப்பேசியில் அவர் தூங்குவதை இரண்டு நிமிடம் படம் பிடித்துக்கொள்ளுங்கள், மூச்சு நின்று திரும்புவது தெரிய வேண்டும். அவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். நான் குறட்டையே விடுவதில்லை என்று சாதிக்கும் ஆண்கள் அந்த இரண்டு நிமிடத்தைப் பார்த்து அமைதியாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அங்கே மாஸ்க்கை அவர் முகத்துக்குப் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள், படுத்த நிலையில். உட்கார்ந்திருக்கும்போது சரியாக இருப்பது படுத்தால் கசியும். முகம் முழுக்க மூடுவது பயமாக இருந்தால் மூக்கின் துளைகளில் மட்டும் உட்காரும் சிறிய வகை உண்டு. மூக்கடைப்பு இருந்தால் முதலில் அதற்கு ஸ்ப்ரே. மூக்கு வறண்டால் காற்றைச் சூடாக்கி ஈரமாக்கும் தொட்டி. தொடக்கத்தில் குறைந்த அழுத்தத்தில் ஆரம்பித்து, தூங்கிய பிறகு மெல்ல ஏறும் வசதியும், மூச்சை வெளியே விடும்போது அழுத்தம் தணியும் வசதியும் இப்போது பெரும்பாலான இயந்திரங்களில் உண்டு. அவற்றை இயக்கிவைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் சிலர் செய்வதில்லை.

வீட்டுக்கு வந்ததும் படுக்கையில் தொடங்க வேண்டாம். சாயங்காலம் டிவி பார்க்கும்போது மாஸ்க்கை மட்டும் கால் மணி நேரம் கையில் பிடித்து முகத்தில் வைத்துக்கொள்ளட்டும். அது பழகியதும் பட்டையை மாட்டிக்கொண்டு. அதுவும் பழகியதும் காற்றைப் போட்டு, உட்கார்ந்த நிலையிலேயே. பிறகு ஒரு குட்டித் தூக்கம். அதன் பிறகுதான் ராத்திரி. திணறலாக இருந்தால் கழற்றிவிட்டு, மூச்சு சீரானதும் திரும்பவும் போடலாம். கழற்றியது தோல்வி இல்லை. இதற்கு ஒரு வாரமும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம்.

இரண்டு விஷயம் அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இரவு ஷிஃப்ட் வாரங்களில் அவர் பகலில் தூங்கும்போதும் மாஸ்க் வேண்டும். சோபாவில் கண்ணயரும் அரை மணி நேரத்துக்கும் வேண்டும், தொண்டைக்கு இரவு பகல் தெரியாது. இன்னொன்று, பாதித் தூக்கத்தில் கழற்றி வீசிவிட்டு மீதியைச் சும்மா தூங்குவது. கனவுத் தூக்கம் தூக்கத்தின் பின்பாதியில்தான் அதிகம். மோசமான தடைகள் வரும் நேரத்தில் மாஸ்க் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தால் பலன் பாதிக்கும் கீழே. எத்தனை மணி நேரம் போட்டார் என்பதை இயந்திரமே பதிவு செய்யும். இரவுக்கு நான்கு மணி நேரம் என்பது கணக்கெடுப்புக்கு வைத்த குறைந்தபட்ச அளவு. மனம் தேற வேண்டுமென்றால் தூக்கம் முழுக்கப் போடுவதுதான் இலக்கு.

எடை பற்றிக் கொஞ்சம். பத்து விழுக்காடு எடை குறைந்தால் மூச்சுத்தடை கால்வாசிக்குக் கொஞ்சம் மேல் குறைகிறது என்று 2000-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. நல்லதுதான், ஆனால் 38-க்கு அது மட்டும் போதாது. மேலும் மனச்சோர்வில் சோபாவில் கிடப்பவரிடம் "எடையைக் குறை" என்று தொடங்குவது காரியத்துக்கு ஆகாது. தூக்கம் திரும்பட்டும், கால்கள் தானே வாசலுக்குப் போகும்.

ஷிஃப்ட் விஷயத்தில், நிலைமை சீராகும்வரை பகல் வேலை மட்டும் தரும்படி மருத்துவரிடம் கடிதம் கேட்கலாம். அந்தக் கடிதத்தில் உறக்க மூச்சுத்தடைக்குச் சிகிச்சை என்று எழுதினாலே போதும், மனச்சோர்வு பற்றி ஒரு வார்த்தையும் தேவையில்லை. நோயாளியின் மருத்துவ விவரத்தை அவர் சம்மதம் இல்லாமல் மருந்தகம் முதலாளியிடம் சொல்லாது. வேலைக்கு விண்ணப்பிப்பவரிடம் மனநோய் உண்டா என்று படிவத்தில் கேட்பது முறையல்ல என்பது 2020 முதல் இங்குள்ள நியாயமான வேலை நியமன வழிகாட்டுதல். செலவுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: மனச்சோர்வு, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கைப் பயன்படுத்தக்கூடிய நாட்பட்ட நோய்களின் பட்டியலில் உள்ளது. மருந்தகத்தில் கேளுங்கள்.

உங்கள் மாமியார் கண்ணேறு என்றால் அதற்காகச் சண்டை வேண்டாம். சிராங்கூன் சாலைக் கோயிலுக்குக் கூட்டிப் போய் அர்ச்சனை செய்கிறாரா, செய்யட்டும். மகனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்பதை அவர் உங்களைப்போலவே கண்டுகொண்டிருக்கிறார், சோம்பேறி என்று திட்டவில்லை. அவரிடம் அந்த இரண்டு நிமிடப் படத்தைக் காட்டுங்கள். மாஸ்க் போட்டாயா என்று நீங்கள் தினமும் கேட்டால் அது கணவன் மனைவிச் சண்டையாகும். அம்மா ஒருமுறை கேட்டால் வேறு மாதிரி கேட்கும்.

கடைசியாக உங்களைப் பற்றி. இருட்டில் மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். அதை நான் கடக்க மாட்டேன். மனச்சோர்வே இல்லாமல் தூக்கமின்மை மட்டும் உள்ளவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று 2011-இல் 21 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னார்கள். உங்கள் கணவருக்குச் சிகிச்சை பிடிபடும்வரை வாரத்தில் சில இரவாவது வேறு அறையில் படுங்கள். நான் எண்ணாவிட்டால் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயப்படுவீர்கள். மூச்சைத் திரும்பக் கொண்டுவருவது அவருடைய மூளைதான், உங்கள் கை அல்ல. நீங்கள் தட்டாத இரவுகளிலும் அது திரும்பித்தான் வந்திருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை: இன்றைக்கு நீங்கள் கேட்கப்போகும் கேள்விக்கு அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் இந்த ஏற்பாடு. சாவைப் பற்றிய நினைப்பு இருக்கிறது என்றால் இப்போதைக்கு அவரைத் தனியே படுக்கவிடாதீர்கள்.

அவர் மாஸ்க் போடத் தொடங்கி, அறை அமைதியான பிறகும் உங்களுக்குத் தூக்கம் வராமல் போகலாம். உடம்பு விழித்திருக்கப் பழகிவிட்டது. அதற்கும் மாத்திரை முதல் வழி அல்ல. தூக்கமின்மைக்கான அறிவுசார் நடத்தைச் சிகிச்சை என்று ஒன்று உண்டு, சில வாரங்களில் முடிவது. இரவு எப்படி இருந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வந்தால் மட்டும் கட்டிலுக்குப் போவது, புரண்டுகொண்டே இருந்தால் எழுந்து கூடத்துக்கு வந்துவிடுவது, கட்டிலில் கழிக்கும் நேரத்தை முதலில் குறைத்துப் பிறகு கூட்டுவது என்று போகும். அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016-இல் இதைத்தான் நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது. மனநல உளவியலாளரிடம் அனுப்பும்படி உங்கள் மருத்துவரையும் கேளுங்கள். ஒரே நாளில் இருவரும் மருந்தகத்துக்குப் போனால் அவருக்கும் தான் மட்டும் நோயாளி என்ற கூச்சம் குறையும்.

மூன்று மாதம் ஒழுங்காக மாஸ்க் போட்ட பிறகு இயந்திரத்தின் பதிவைப் பாருங்கள். மணிக்கு ஐந்துக்குக் கீழே தடை இறங்கியிருந்து, மனமும் தேறியிருந்தால் மாத்திரையை எப்போது, எப்படிக் குறைப்பது என்று மருத்துவரோடு பேசலாம். தடை இறங்கியும் மனம் அதே இடத்தில் நின்றால், அது தனக்கான சிகிச்சையைக் கேட்கிறது என்று பொருள். மாத்திரையை மாற்றுவது, மனம்விட்டுப் பேசும் உளவியல் சிகிச்சை சேர்ப்பது என்று வழிகள் உண்டு, மனநல மருத்துவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். மனம் தேறியும் பகலில் கண் சொக்கினால் தைராய்டு, ரத்தசோகை, ஷிஃப்ட் என்று வேறு காரணங்களைத் தேட வேண்டும், அதுவரை மோட்டார் சைக்கிள் சாவி உங்களிடமே இருக்கட்டும்.